கட்டி தட்டாமல் கலக்க ஒரு குழாய்

"நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று பிறந்தநாள் விருந்துகளில் யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. ஐ.டி. என்றால் இரண்டே எழுத்தில் முடிந்துவிடும். வங்கி என்றாலும் புரியும். "பைப்ல ஓடுற தண்ணில பவுடர் கலக்குறதுக்கு மெஷின் டிசைன் பண்றேன்" என்று சொன்னால், பாதிப் பேர் தலையாட்டிவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் சமைக்கிறவர்கள் மட்டும் நின்று கேட்பார்கள். மாவு கட்டி தட்டினால் என்ன பாடு என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கொதிக்கிற சூப்பில் சோளமாவை அப்படியே ஒரு கரண்டி கொட்டிப் பாருங்கள். உருண்டை உருண்டையாக மிதக்கும். ஒன்றை எடுத்துப் பிட்டால் வெளியே வழுவழுவென்று ஒரு தோல், உள்ளே காய்ந்த மாவு. எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் உள்ளே இருக்கிற மாவு லேசில் நனையாது. காரணம் இதுதான். மாவு குவியலாக விழும்போது வெளி ஓரத்துத் துகள்கள் முதலில் நனைந்து, உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிப் பசையாகி விடுகின்றன. அந்தப் பசை உள்ளே இருக்கிற மாவுக்கு மழைக்கோட்டு போட்ட மாதிரி. அதற்கப்புறம் தண்ணீர் உள்ளே போக வழியே கிடையாது.

எனக்குச் சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். ராகி விளைகிற மண். எங்கள் வீட்டில் மாவு கட்டி தட்டாமல் இருக்க மூன்று வழி வைத்திருந்தார்கள். கஞ்சி என்றால் மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து, பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள். பச்சைத் தண்ணீரில் மாவு உப்பாது. துகள்கள் நிதானமாகப் பிரிந்துகொள்ளும். சூடு ஏறி 60 டிகிரியைத் தாண்டும்போதுதான் அது உப்பிக் கெட்டியாகும், அதற்குள் எல்லாத் துகளும் தனித்தனியாகி இருக்கும். ரவை உப்புமா என்றால் வேறு முறை. ரவையை வறுத்துக்கொண்டு, ஒரு கையால் தூவி, மறு கையால் கிளற வேண்டும். களி என்றால் முற்றிலும் வேறு: கொதிக்கிற உலையில் மாவைக் கொட்டி வேகவிட்டு, பானையை அசையாமல் பிடித்துக்கொண்டு, கோலால் பலம்கொண்ட மட்டும் கிண்டுவது. என் பாட்டியின் முன்கையைப் பார்த்தவர்களுக்கு அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று தெரியும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து பல வருஷம் ஆகிறது. லட்சக்கணக்கான டாலருக்கு விற்கிற மிக்ஸர்களைப் பார்த்தாகிவிட்டது. எல்லாமே இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்கின்றன. இதில் நான் அதிகம் நம்புவது இரண்டாவது முறையை, அதாவது தூவுவதை. சேர்ந்துவிட்ட கட்டியை உடைக்க மோட்டார் வேண்டும், கரண்ட் வேண்டும், நேரம் வேண்டும். துகள்களை நனைவதற்கு முன்பே பிரித்துவிட்டால் இது எதுவுமே வேண்டாம். ஓடுகிற குழாயில் திடப்பொருளைக் கலக்கும் கருவியின் வடிவமைப்பு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

நான் இருப்பது கனடாவில், டொராண்டோவுக்கு மேற்கே. இந்தப் பக்கம் சாஸ், சாலட் டிரெஸ்ஸிங், ஐஸ்க்ரீம் எல்லாம் தயாரிக்கிற உணவுத் தொழிற்சாலைகள் நிறைய உண்டு. அவற்றில் ஒன்றுக்குச் செய்துகொடுத்த கருவியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம்.

அதற்கு முன், உங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து ஏதாவது ஒரு டிரெஸ்ஸிங் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். குவார் கம், சாந்தன் கம் என்று இரண்டு பெயர்களில் ஒன்றாவது அநேகமாக இருக்கும். குவார் என்பது வேறொன்றுமில்லை, நம்ம கொத்தவரங்காய். விதையின் உள்ளே இருக்கிற வெள்ளைப் பருப்பை அரைத்தால் வருகிற மாவுதான் குவார் கம். உலகத்தில் அதிகமாக விளைவிப்பது இந்தியா. அதிலும் பெரும்பகுதி ராஜஸ்தானின் வறண்ட நிலம். 2011, 2012 வாக்கில் அமெரிக்காவில் பாறைகளைப் பிளந்து எண்ணெய், எரிவாயு எடுக்கும் தொழில் சூடுபிடித்தபோது, மணலைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பூமிக்குள் தள்ளுவதற்கு இந்தக் கொத்தவரை மாவைத்தான் வாங்கிக் குவித்தார்கள். விலை தாறுமாறாக ஏறி, 2012 மார்ச்சில் இந்தியாவில் குவார் முன்பேர வர்த்தகத்தையே நிறுத்திவைத்தார்கள். ஐஸ்க்ரீம்காரர்களும் எண்ணெய்க் கிணற்றுக்காரர்களும் ஒரே மூட்டைக்குச் சண்டை போட்ட காலம் அது. சாந்தன் கதை வேறு. முட்டைகோஸ் வகைச் செடிகளுக்கு நோய் உண்டாக்குகிற ஒரு பாக்டீரியாவைச் சர்க்கரைக் கரைசலில் வளர்த்து எடுப்பது. அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்க 1969இல் அனுமதி கிடைத்தது.

இரண்டுக்கும் பொதுவான குணம், கொஞ்சமே போதும் என்பது. 100 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ குவார் போட்டால் அது தண்ணீரைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் கொழகொழப்பாகிவிடும். அப்படிப்பட்ட மாவு எவ்வளவு வேகமாகக் கட்டி தட்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். சோளமாவுக்காவது சூடு வேண்டும். இதற்குச் சூடும் வேண்டாம், பச்சைத் தண்ணீரிலேயே உப்பும். ஆகவே கஞ்சி வைத்தியம் பலிக்காது. இந்தத் தொழிலில் இந்தக் கட்டிகளுக்குப் பெயர் 'மீன் கண்'. பார்க்க அப்படியேதான் இருக்கும், பளபளவென்று, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியோடு.

நான் முதல் தடவை போனபோது அந்தத் தொழிற்சாலையில் நடந்துகொண்டிருந்தது இது. 2,000 லிட்டர் டேங்க். மேலே ஒரு மேடை, ஏறுவதற்கு ஏணி. டேங்க்குக்குள் ஒரு கலக்கி சுற்றிக்கொண்டிருக்கும். மேடையில் இரண்டு பேர். 25 கிலோ பையைத் தோளில் வைத்து ஏற்றி, வாயைக் கிழித்து, சுழல் விழுகிற இடத்தில் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். ஒரு பைக்கு முக்கால் மணி நேரம். அவ்வளவு பொறுமையாகத் தூவியும் கட்டி வரும். வடிகட்டியில் கட்டிகள் அடைத்துக்கொள்ளும். எடுத்துக் குப்பையில் போடுவார்கள். குப்பைக்குப் போவது என்ன? டிரெஸ்ஸிங்கைக் கெட்டியாக்க வேண்டிய சரக்கே அதுதான். அதனால் ஒரு நாள் சரக்கு நீர்த்துப் போகும், அதைச் சரிக்கட்ட மறுநாள் ஒரு கிலோ கூடுதலாகப் போடுவார்கள், அன்றைக்கு பாட்டிலிலிருந்து கீழே விழாது. சூப்பர் மார்க்கெட்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள்.

மேடையில் நின்ற இருவரில் மூத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவர் முதலில் கேட்டது, "உந்த மெசின் வந்தா எங்கள வீட்ட அனுப்புவினமோ தம்பி?" என்றுதான். என்னால் அதற்கு வாக்குக் கொடுக்க முடியாது, நான் வெளியாள். அதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "என்ர தோள் ரெண்டும் போச்சுது. தூள் பறக்கேக்க மூச்சு விடேலாது. எப்பிடியெண்டாலும் ஏதாவது செய்யுங்கோ" என்றார்.

அவர் தோளைப் பற்றி ஒரு கணக்கு. ஆள் தூக்கக்கூடிய எடைக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. எல்லாச் சூழ்நிலையும் கச்சிதமாக அமைந்தால், அதாவது உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில், உடம்பைத் திருப்பாமல், எப்போதாவது ஒரு தடவை தூக்கினால், அதிகபட்சம் 23 கிலோ. பையோ 25 கிலோ. அதுவும் ஏணியில். அதுவும் சீனி, உப்பு, ஸ்டார்ச் எல்லாம் சேர்த்து ஒரு ஷிஃப்டுக்கு முப்பது, நாற்பது பை. இன்னொன்று, சாந்தன் மாவு தரையில் சிந்திய இடத்தில் தண்ணீர் பட்டால் வாழைப்பழத் தோல் எல்லாம் பக்கத்தில் வராது, அப்படி வழுக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவப் போனால் இன்னும் பரவும். காய்ந்தபடியே உறிஞ்சி எடுக்க வேண்டும்.

நிர்வாகத்தின் முதல் யோசனை, கலக்கிக்குப் பெரிய மோட்டார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கட்டி உண்டாவது மாவு தண்ணீரின் மேற்பரப்பைத் தொடுகிற முதல் நொடிகளில். பெரிய மோட்டார் அதற்கப்புறம்தான் வேலை செய்கிறது. இரண்டாவது யோசனை, பல்லுக்குப் பல் நெருக்கமாகச் சுற்றி அரைத்துக் கலக்குகிற அதிவேக மிக்ஸர். அதுதான் களிக் கோல் முறை. அதைக் குறை சொல்ல மாட்டேன். பால் பவுடரை நிறையக் கரைக்க வேண்டுமென்றால் நானே அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் விலை, மின்சாரம், தேய்கிற சீல், வருஷா வருஷம் பராமரிப்பு எல்லாம் கூடவே வரும். குவாரை அதில் நெடுநேரம் சுற்றவிட்டால் அதன் நீண்ட மூலக்கூறுகள் அறுபட்டு, கெட்டித்தன்மையும் குறையும். இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்க லாரி எடுத்துப் போகிற மாதிரி என்று எனக்குத் தோன்றியது.

நான் சொன்னது, சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லாத ஒரு குழாய். எடக்டர் என்று பெயர். அதன் உள்ளே இருக்கும் தத்துவம் நம்ம ஊர் விவசாயிகளுக்கு அத்துபடி. சொட்டுநீர்ப் பாசனம் போட்ட தோட்டத்தில், உரம் கரைத்த பக்கெட்டுக்குள் ஒரு சின்ன ட்யூபை விட்டிருப்பார்கள். மோட்டாரைப் போட்டதும் உரத் தண்ணீர் தானாகக் குழாய்க்குள் ஏறும். 'வெஞ்சுரி போட்டிருக்கேன்' என்பார்கள். 1797இல் தன் சோதனைகளை வெளியிட்ட இத்தாலியர் வெஞ்சுரியின் பெயர்தான் அது. அவருக்கும் முன்னால், 1738இலேயே பெர்னூலி இதன் அடிப்படையை எழுதிவிட்டார். 1858இல் ஃபிரான்ஸின் கிஃபார்ட் நீராவியை இதே போலப் பாய்ச்சி, ரயில் எஞ்சினின் பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளுகிற கருவியைக் கண்டுபிடித்தார். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களும் களிமண் தூளைத் தண்ணீரில் கலக்க இதே மாதிரிக் கூம்பு வைத்த குழாயைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆக, நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

குழாய் குறுகுகிற இடத்தில் தண்ணீர் வேகமெடுத்தே ஆக வேண்டும். வந்த அளவு போயாக வேண்டுமே. அந்த வேகத்துக்கான சக்தி அழுத்தத்திலிருந்துதான் கிடைக்கிறது. வேகம் கூட, அழுத்தம் விழும். போதுமான அளவு விழுந்தால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் கீழே போய்விடும். அங்கே ஒரு ஓட்டை போட்டால் தண்ணீர் வெளியே பீய்ச்சாது. வெளியில் இருப்பது உள்ளே போகும்.

கணக்குப் பிடித்தவர்களுக்காக எங்கள் குழாயின் எண்களைத் தருகிறேன், மற்றவர்கள் தாண்டிப் போகலாம். பம்ப் மணிக்கு 20,000 லிட்டர் தள்ளும். குழாயின் உள்விட்டம் 60 மில்லிமீட்டர். அதில் வேகம் நொடிக்கு சுமார் 2 மீட்டர், அதாவது வேகமாக நடக்கிற வேகம். நாசிலின் விட்டம் 18 மில்லிமீட்டர். விட்டம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால் பரப்பு பதினொன்றில் ஒரு பங்காகும், வேகம் பதினொரு மடங்காகும்: நொடிக்கு 22 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஹைவேயில் போகிற கார் மாதிரி. அந்த வேகத்தைக் கொடுக்க நாசிலுக்கு முன்னால் 2.4 பார் அழுத்தம் வேண்டும். மேலேயிருந்து விழுகிற மாவு இந்தத் தாரையில் மோதும்போது குவியலாக இருக்க முடியாது. ஒவ்வொரு துகளும் பிய்த்து எறியப்படும். தூவுகிற கையின் வேலையைத் தண்ணீரே செய்துவிடும்.

25 கிலோ பை மூன்று நிமிஷத்தில் உள்ளே போகும். நிமிஷத்துக்கு 333 லிட்டர் தண்ணீரில் 8 கிலோ சொச்சம் மாவு, அதாவது இரண்டரை விழுக்காடு. அது முழுக்க உப்பினால் குழாயே உறைந்த மாதிரி ஆகிவிடும். ஆனால் பச்சைத் தண்ணீரில் குவார் முழுசாக உப்ப ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட எடுக்கும். குழாயைக் கடக்க அதற்குச் சில நொடிகள்தான். அந்த அவகாசத்துக்குள் பிரித்து டேங்க்கில் சேர்த்துவிட்டால் அப்புறம் அது சாவகாசமாக உப்பட்டும்.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. எடக்டருக்குப் பின்னால் இருக்கிற குழாய் தண்ணீரை எதிர்த்துத் தள்ளக்கூடாது. பொதுவாக, வெளியேறும் பக்க அழுத்தம் நுழையும் பக்க அழுத்தத்தில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். எங்கள் கணக்கில் 0.6 பார். டேங்க்கின் உயரம் 3 மீட்டர், அதற்கே 0.3 பார் போய்விட்டது. மீதியில்தான் எல்லா வளைவும், உராய்வும். டேங்க்கில் கரைசல் கெட்டியாக ஆக உராய்வு ஏறும்; எதிர் அழுத்தம் எல்லையைத் தாண்டிய கணத்தில் உறிஞ்சல் நின்று, தண்ணீர் மாவுத் தொட்டிக்குள் பொங்கி ஏறும். அதற்கப்புறம் சுத்தியலும் உளியும்தான். ஆகவே இந்தக் கருவியின் சட்டம்: கெட்டியாவதற்குள் மாவு முழுவதையும் போட்டு முடி. நிதானம் இங்கே உதவாது. இத்தனை வருஷம் மெதுவாகத் தூவிப் பழகிய கைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கணக்கைவிடக் கஷ்டமாக இருந்தது.

தண்ணீர்ப் பக்கம் இவ்வளவுதான். மாவுப் பக்கம் இதைவிட வம்பு. தண்ணீர் ஓட்டை இருந்தால் ஓடும். மாவு ஓட்டை இருந்தாலும் நிற்கும். கூம்பின் வாயில் துகள்கள் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு, கோயில் மண்டப வளைவு மாதிரி ஒரு பாலம் கட்டிக்கொள்ளும்; அதன் மேல் மொத்த மாவும் உட்கார்ந்திருக்கும். இதை முறையாக ஆராய்ந்து, எந்த மாவுக்கு எவ்வளவு செங்குத்தான கூம்பு, எவ்வளவு பெரிய வாய் வேண்டும் என்று கணக்கிடும் வழியைச் சொன்னவர் ஆண்ட்ரூ ஜெனிகே. யூட்டா பல்கலைக்கழகத்திலிருந்து 1964இல் அவர் வெளியிட்ட அறிக்கையை இன்றைக்கும் நாங்கள் புரட்டுகிறோம். கூம்பைத் தட்டிவிட ஒரு அதிர்வு மோட்டார் வைப்பது வழக்கம். ஆனால் கீழே வால்வு மூடியிருக்கும்போது அது ஓடினால், படியில் அரிசியைத் தட்டித் தட்டி அளப்பது போல மாவு இன்னும் இறுகிவிடும். வால்வு திறந்தால் மட்டுமே அதிர்வு ஓட வேண்டும் என்று இணைத்தோம்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு அண்ணையிடம் போனேன். ஓட்டப் போகிறவர் பார்க்காத வரைபடத்தை நான் பட்டறைக்கு அனுப்புவதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "உதில முதல் ஈரம் எங்க படும் தம்பி? அங்கதான் பிடிக்கும்" என்றார். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. காய்ந்த மாவும் தண்ணீரும் சந்திக்கிற விளிம்பு. ஒரு துளி தெறித்து அந்தச் சுவரில் பட்டால், அதில் மாவு ஒட்டும். ஒட்டியதில் இன்னும் ஒட்டும். அரை மணி நேரத்தில் வாய் அடைத்துவிடும். அதனால் மாவு இறங்கும் குழலை, தெறிப்பு எட்டாதபடி, தாரைக்கு நேர் மேலே வரை உள்ளே நீட்டியிருந்தோம். அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னொன்று சொன்னார்: "பம்ப் நிண்ட பிறகு சுடுதண்ணி ஆவி மேல வருமே?" கழுவிவிட்ட பிறகு குழாயில் தங்குகிற சூட்டில் ஆவி எழும், அது கூம்பின் சுவரில் வேர்க்கும். அதற்காகக் கழுவிய பின் காய்ந்த காற்றை ஊதவிடுகிற ஒரு சின்ன இணைப்பைக் கூம்பில் சேர்த்தோம். மொத்தச் செலவில் அது ஒன்றுமே இல்லை. அந்த இணைப்புக்கு நான் வைத்த பெயர் வரைபடத்தில் இன்றும் 'அண்ணை லைன்'. வெள்ளைக்கார மேனேஜருக்கு அது ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று நினைப்பு.

இயக்குகிற வரிசையும் அதே யோசனைதான். முதலில் பம்ப். உறிஞ்சல் வந்துவிட்டது என்று அழுத்தமானி சொன்ன பிறகே மாவு வால்வு திறக்கும். நிறுத்தும்போது தலைகீழ்: முதலில் மாவு வால்வு மூடும், அப்புறம்தான் பம்ப் நிற்கும். நடுவில் உறிஞ்சல் குறைந்தால் யாரையும் கேட்காமல் வால்வு மூடிக்கொள்ளும். கூம்பு காலியானதும் வால்வை உடனே மூட வேண்டும், இல்லாவிட்டால் வெறும் காற்றை உறிஞ்சித் தள்ளும். ஏற்கெனவே மாவுப் பையில் பாதிக்கு மேல் இருப்பது காற்றுதான். அது போதாதென்று இன்னும் காற்று சேர்ந்தால் டிரெஸ்ஸிங் நுரைத்து, பாட்டிலில் அளவு தப்பும்.

இன்னொரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். மாவு தீப்பிடிக்குமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரில், இம்பீரியல் சுகர் ஆலையில் சேர்ந்து கிடந்த சீனித் தூள் வெடித்து 14 பேர் இறந்தார்கள். நாம் காப்பியில் போடுகிற அதே சீனி. குவியலாகக் கிடக்கிற மாவு எளிதில் பற்றாது. காற்றில் மேகமாகப் பறக்கும்போது, மூடிய இடத்தில், ஒரு பொறி போதும். கனடாவில் குளிர்காலத்தில் கதவுக் குமிழைத் தொட்டாலே விரலில் சுரீர் என்று பொறி தட்டுகிறதல்லவா? அவ்வளவு வறண்ட காற்று. பிளாஸ்டிக் பையிலிருந்து மாவைக் கொட்டும்போதும் அதே மின்னூட்டம் சேரும். ஆகவே கூம்பு, மேடை, குழாய் எல்லாவற்றுக்கும் தரைக் கம்பி, பை கிழிக்கிற இடத்தில் தூளை உறிஞ்சும் விசிறி, கூம்புக்கு மூடி. "இதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாமே, பட்ஜெட் தாண்டுது" என்றார்கள். இது இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். இரண்டு வாரம் வேலை நின்றது. பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

ஜனவரியில் ஓட்டிப் பார்த்தோம். நகரத் தண்ணீர் 4 டிகிரி. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். தண்ணீர் குளிர்ந்திருந்தால் குவார் இன்னும் மெதுவாக உப்பும், பிரிக்க அவகாசம் கூடும். முழுசாகக் கெட்டியாக நேரம் ஆகும் என்பது உண்மை, ஆனால் அதற்கு யாரும் மேடையில் நிற்க வேண்டியதில்லை. புதிய கூம்பு தரை மட்டத்திலேயே, இடுப்பு உயரத்தில் இருந்தது. அண்ணை பையைத் தூக்கவில்லை; உருளைகள் வைத்த மேசையில் தள்ளிக்கொண்டு வந்து, வாயைக் கிழித்துச் சாய்த்தார். வால்வு திறந்ததும் கூம்புக்குள் மாவு ஒரு குழி விழுந்து இறங்கியது. மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. "முடிஞ்சுதோ?" என்று இரண்டு தடவை கேட்டார். வடிகட்டியைத் திறந்தபோது ஒரு கைப்பிடிக்கும் குறைவாகத்தான் கட்டி இருந்தது. அதுவும் எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஏற்கெனவே வாய் திறந்து கிடந்து ஈரம் ஏறிய ஒரு பை.

வேலை போனதா என்று கேட்பீர்கள். போகவில்லை. ஆனால் இரண்டு பேர் நின்ற இடத்தில் இப்போது ஒருவர். மற்றவரை பேக்கிங் பக்கம் மாற்றினார்கள். அவர் இளைஞர், அவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை, ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். என் கணக்குத் தாளில் அவருக்கு இடமில்லை. அண்ணை இன்னும் அங்கேதான். தோளுக்கு ஊசி போட்டுக்கொள்கிறார். புதிதாகக் கெடவில்லை, பழையது ஆறவில்லை என்கிறார்.

இப்போது அதே கம்பெனிக்கு அதே குழாயில் கோகோ தூளைக் கலக்க வேண்டுமாம். குவார் தண்ணீரைக் கண்டால் பாய்கிற ஜாதி. கோகோவில் கொழுப்பு இருப்பதால் அது தண்ணீரைக் கண்டால் ஒதுங்குகிற ஜாதி. பாலில் போட்டுப் பாருங்கள், மேலேயே மிதக்கும். அதற்குக் குளிர்ந்த தண்ணீரும் உதவாது. கொழுப்பு இளகுகிற அளவுக்காவது சூடு வேண்டும். சூடு என்றால் ஆவி, ஆவி என்றால் அந்த விளிம்பு. போன வாரம் ஒரு கிலோ கோகோவை வீட்டுக்குக் கொண்டுவந்து, முதலில் சீனியோடு கலந்து, பிறகு வெதுவெதுப்பான பாலில் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சீனித் துகள் நடுவில் நுழைந்து கோகோவைத் தள்ளி வைக்கிறது; ஒன்றுக்கு மூன்று பங்கு சீனி போட்டால் ஏறக்குறைய கட்டியில்லை. ஆனால் அந்த அளவு சீனிக்கு அவர்கள் ரெசிபியில் இடம் கிடையாது. வரைபடத்தை இன்னும் ஆரம்பிக்கவில்லை. முதலில் அண்ணையைப் பார்க்கப் போக வேண்டும்.